ஏரி நீரில் மோதிரம் தேட எந்த மெட்டல் டிடெக்டர்?

வசாகா கடற்கரை என்று நாம் வழக்கமாகச் சொன்னாலும் அங்கே இருப்பது ஏரிதான். ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் விரிகுடாவில் 14 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் மணற்கரை அது. ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறன்ரோவிலிருந்தும் அதன் புறநகர்களிலிருந்தும் நம்மவர் குடும்பங்கள் மதியச் சோற்றுப் பானையோடு அங்கே வந்து இறங்குவதும், மாலையில் திரும்பும்போது யாரோ ஒருவருடைய விரலில் மோதிரம் இல்லாமல் போயிருப்பதும் ஆண்டுதோறும் நடக்கிற காரியம். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும்; வெயிலுக்குப் பூசிய கிரீம் வழுக்கும்; பந்தைப் பிடிக்கக் கையை நீட்டினால் போதும். அதன் பிறகுதான் எனக்குத் தொலைபேசி வரும்: "அண்ணை, தண்ணிக்குள்ள தேடுற டிடெக்டர் ஒண்டு வாங்கப்போறன், எது நல்லது?"

கேட்பவர் அதற்குள் இரண்டு மூன்று பெயர்களைப் பார்த்துவைத்து, அவற்றுக்கிடையே முடிவெடுக்க முடியாமல் நிற்பார். அந்தப் பெயர்களில் ஒன்றாவது 60 மீட்டர் ஆழம் தாங்கும், கடலில் தேடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவியாக இருக்கும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உப்பையும் ஆழத்தையும் சமாளிப்பதற்காகக் கடல் கருவிக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி, இடுப்பளவு ஏரி நீரில் நிற்பவருக்குப் பயன்படுவதில்லை. அந்தப் பணத்தை இரும்பைப் பிரித்தறியும் திறனுக்கும், நீருக்குள் ஒழுங்காகக் கேட்கும் ஹெட்போனுக்கும், அடிமணலோடு பொருளைத் தூக்கியெடுக்க வளையாத ஒரு அள்ளிக்கும் செலவிடுவதே சரி. இதற்கு விலக்கானவர்களும் உண்டு. அவர்களைப் பற்றியும் கீழே சொல்கிறேன்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதலாவது உப்பு. கடல்நீர் நம்முடைய பேரேரிகளின் நீரைவிட நூறு மடங்குக்கு மேல் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே, ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரணக் கருவிக்குக் கடல்நீரே ஓர் உலோகம்போலத் தோன்றி, தண்டின் அடியில் உலோகத்தை உணரும் வட்டத் தட்டான சுருளை அசைக்கும்போதெல்லாம் பொய்ச்சத்தம் எழும். அதைத் தவிர்க்கத்தான் பல அதிர்வெண் கருவிகளையும், துடிப்பை அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்ஷன் கருவிகளையும் கடற்கரைக்காரர் நாடுகிறார்கள். ஏரியில் இந்தத் தொல்லையே இல்லை என்பதால், அவர்களுடைய பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்வது நமக்குப் பொருந்தாது.

இரண்டாவது குப்பை. பொதுமக்கள் குளிக்கும் ஏரியின் அடியில் தங்கத்தைவிடக் கொண்டை ஊசியும் போத்தல் மூடியும் துருப்பிடித்த ஆணியும் பல நூறு மடங்கு அதிகம். சிம்கோ ஏரிபோலக் குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளைத்து மீன்பிடிக்கும் இடங்களில் தூண்டில் ஈயக்குண்டுகளும் சேர்ந்துகொள்ளும். ஈயக்குண்டும் குளிர்பான டின்னின் இழுவளையமும் கருவியின் திரையில், உலோகத்தின் வகையைச் சொல்ல வரும் எண்ணில், தங்க மோதிரத்தின் எண்ணையே காட்டுவதால் அவற்றைத் தோண்டாமல் விட முடியாது. ஆனால் இரும்பை விடலாம். விடத் தெரிந்த கருவி வேண்டும்.

இங்கே கனடாவுக்கே உரிய ஒரு செய்தி உண்டு. அமெரிக்கர்கள் எழுதும் வழிகாட்டிகள், இரும்பை ஒதுக்கினாலும் நாணயங்கள் தப்பாது என்று உறுதி சொல்கின்றன. அவர்களுடைய நாணயங்கள் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்தவை. கனடாவிலோ 2000ஆம் ஆண்டளவில் சில்லறை நாணயங்கள் முலாம் பூசிய எஃகுக்கு மாறின. ஒரு டொலர், இரண்டு டொலர் நாணயங்களும் 2012இல் எஃகுக்குப் போய்விட்டன. இவை கருவியில் சில வேளை இரும்பாகத் தெரியும், சில வேளை எண் நிலையில்லாமல் தாவும். அதற்கு முந்திய பத்துச் சதமும் இருபத்தைந்து சதமும் நிக்கலில் வார்த்தவை, அதற்கும் முன்னே, 1960களின் பிற்பகுதி வரையில், வெள்ளி கலந்தவை. எனவே இங்கே இரும்பை ஒதுக்கிவைத்துத் தேடினால் நாம் இழப்பது பெரும்பாலும் புதிய சில்லறைதான். பழைய வெள்ளிக் காசும் மோதிரமும் இழப்பில் சேரா. என்னைக் கேட்டால் இது இலாபமான பேரம்.

மூன்றாவது, சிறிய தங்கத்தை உணரும் திறன். உயர்ந்த அதிர்வெண் மெல்லிய தங்கத்துக்கு நல்லது. தாழ்ந்த அதிர்வெண் வெள்ளி, செம்பு நாணயங்களுக்கு நல்லது. மோதிரம் மூடிய வளையம் என்பதால் எந்தக் கருவிக்கும் எளிதாக அகப்படும். மெல்லிய சங்கிலிதான் வில்லங்கம்: கருவியின் கண்ணுக்கு அது ஒரு முழுப் பொருளாகத் தெரிவதில்லை, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிப் பொடியாகவே தெரியும். பல நேரம் கொக்கியோ பதக்கமோதான் அதைக் காட்டிக்கொடுக்கும். தாலிக்கொடி தொலைந்தால் கொடியைவிட அதில் கோத்திருக்கும் தாலிதான் முதலில் சத்தம் கொடுக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

நான்காவது ஆழம். இங்கே விளம்பரம் நம்மை மிக எளிதாக ஏமாற்றுகிறது. நெஞ்சளவு நீரில் நடந்து தேடுபவருடைய கருவியில், அடியிலுள்ள சுருள் மட்டுமே ஒன்றரை மீட்டர் ஆழத்தைத் தொடும். திரையும் மின்கலமும் உள்ள பெட்டி நீர்மட்டத்துக்கு அருகிலேயே இருக்கும். 3 மீட்டர் தாங்கும் கருவி இதற்குத் தாராளமாகப் போதும். ஹியூரன், மிச்சிகன் ஏரிகளின் நீர்மட்டம் 1986இல் ஏறிய உச்சத்துக்கும் 2013 ஜனவரியில் இறங்கிய தாழ்வுக்கும் இடையே ஏறக்குறைய 2 மீட்டர் வித்தியாசம் உண்டு. இன்று நெஞ்சளவு நீர் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் மக்கள் முழங்காலளவில் நின்றிருக்கிறார்கள்; ஒரு காலத்து நெஞ்சளவு இன்று வெறும் மணலாகக் கிடக்கலாம். தொலைந்த பொருளில் பெரும்பகுதி நடந்தே எட்டக்கூடிய பட்டைக்குள்தான் இருக்கிறது.

ஐந்தாவது, நீருக்குள் சத்தம் கேட்பதும் கருவியைக் கையாள்வதும். கம்பியில்லா ஹெட்போனின் வானொலி அலை நீருக்குள் சில அங்குலத்திலேயே அடங்கிவிடும். ஆகவே தலையை மூழ்கடித்துத் தேட வேண்டுமானால் கம்பி இணைப்புள்ள, நீர்புகா ஹெட்போன் இல்லாமல் முடியாது.

## ஒரே பார்வையில்

| வகை | எடுத்துக்காட்டு | தாங்கும் ஆழம் | இரும்பைப் பிரித்தல் | சிறிய தங்கம் | ஏரிக்குப் பொருத்தம் |
|---|---|---|---|---|---|
| ஒற்றை அதிர்வெண் | நொக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ், காரெட் ஏடி புரோ | 3 மீ | நன்று | பரவாயில்லை | நடந்து தேடுபவருக்கு நன்று |
| பல அதிர்வெண் | மைன்லேப் ஈக்வினொக்ஸ் 800, 900 | 3 மீ, 5 மீ | மிக நன்று | மிக நன்று | அடிக்கடி தேடுபவருக்கு மிக நன்று |
| பல்ஸ் இண்டக்ஷன் | காரெட் சீ ஹண்டர் மார்க் 2 | ஏறத்தாழ 60 மீ | மிகக் குறைவு | நடுத்தரம் | அரிதாகவே |
| முக்குளிப்போர் கருவி | மைன்லேப் எக்ஸ்காலிபர் 2, எக்ஸ்பி டியூஸ் 2 | ஏறத்தாழ 60 மீ, 20 மீ | நன்று | நன்று | மூழ்கித் தேடுபவருக்கு மட்டும் |

## ஒற்றை அதிர்வெண் கருவிகள்

சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸிலும் ஏடி புரோ 15 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. மெல்லிய தங்கத்துக்கும் பழைய வெள்ளிக்கும் இடைப்பட்ட சமரசமான அதிர்வெண்கள் இவை. உப்பில்லாத நீரில், சாதாரண மணலில், இந்தக் கருவிகள் தம்மைவிட மூன்று மடங்கு விலையுள்ள கருவிகளுக்கு மிக நெருக்கமாக வேலை செய்கின்றன என்பதை விற்பனையாளர் அவ்வளவாகச் சொல்வதில்லை. திரையில் எண் வரும், இரும்புக்கு வேறு சத்தம் வரும், ஒரு பிற்பகலில் பழகிவிடலாம்.

குறைகளும் உண்டு. சில கரைகளில் அலை ஒதுக்கிய கறுப்பு மணல் கோடுகள் இருக்கும். காந்தத்தை நீட்டினால் மீசைபோல ஒட்டிக்கொள்ளும் இரும்புத் தாது அது. அந்த மணலில் ஒற்றை அதிர்வெண் கருவியின் எண்கள் குழம்பும், ஆழமும் குறையும். விரிகுடாவின் கிழக்குக் கரையில் பாறைக்கற்களுக்கிடையே தேடுபவரும் அவ்வப்போது பொய்ச்சத்தம் கேட்பார். ஏடி புரோ ஏஏ மின்கலங்களில் ஓடுவதால், சார்ஜ் இறங்கிவிட்டால் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நான்கு மின்கலம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சிம்ப்ளெக்ஸில் மின்கலம் உள்ளேயே அடைபட்டிருப்பதால் திறக்கவும் மூடவும் ஒரு கதவு குறைவு. எதை விரும்புவது என்பது தேடுபவரின் பழக்கத்தைப் பொறுத்தது. நீருக்குள் போகும் கருவியில் கதவு குறைவாக இருப்பதே எனக்குப் பிடிக்கும்.

கோடையில் ஏழெட்டு நாள் மட்டும் ஏரிக்குப் போகிறவருக்கும், குளிர்காலத்துக்கு முன்பு கருவியைப் பூங்காப் புல்வெளியிலும் பயன்படுத்த நினைப்பவருக்கும் இந்த வகையே போதும்.

## பல அதிர்வெண் கருவிகள்

2018இல் வந்த ஈக்வினொக்ஸ் 800 பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பி, திரும்பி வருவதை ஒப்பிட்டு முடிவு சொல்லும் கருவி. தேவையானால் 40 கிலோஹெர்ட்ஸில் தனித்தும் ஓட்டலாம். அதற்குப் பின்வந்த 900 வகை 5 மீட்டர் வரை தாங்கும். உப்பைச் சமாளிக்கும் திறனுக்காகவே இந்த வகை பெயர் பெற்றது என்றாலும், ஏரியில் இதன் பயன் வேறு இரண்டு இடங்களில் தெரிகிறது. ஒன்று கறுப்பு மணல்; ஒற்றை அதிர்வெண் தடுமாறும் இடத்தில் இது அமைதியாக இருக்கும். மற்றது நெருக்கமான குப்பை. ஒரு ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் சிறிய மோதிரத்தை, ஆணியின் சத்தத்துக்கு இடையே ஒரு குறுகிய நல்ல சத்தமாகப் பிரித்துத் தரும் வேகம் இதற்கு உண்டு. குழந்தைகளின் காதுத் தோடு, மெல்லிய மோதிரம் போன்றவற்றையும் இது கூடுதலாக உணரும்.

அந்தக் கூர்மைக்கு ஒரு விலையும் உண்டு. உணர்திறனைக் கூட்டி வைத்தால் மதுபான டின்னின் அலுமினியத் துணுக்கு ஒவ்வொன்றும் நம்மை அழைக்கும். அமைப்புகள் பல என்பதால், முதல் சில வாரங்கள் தேடுவதைவிடப் பொத்தான்களை அழுத்துவதிலேயே போய்விடும். ஆண்டுக்கு முப்பது நாளாவது நீரில் இறங்குபவருக்கும், இடையிடையே அத்திலாந்திக் கரைக்கோ கியூபாவுக்கோ போய்க் கடலிலும் தேடப்போகிறவருக்கும் இது சரியான தெரிவு. ஏரி மட்டுமே என்றால், மேலதிக விலை கறுப்பு மணலுக்கும் சிறு தங்கத்துக்குமாகக் கொடுப்பது என்று தெரிந்துகொண்டு கொடுக்கட்டும்.

## பல்ஸ் இண்டக்ஷன் கருவிகள்

இந்தக் கருவி ஒரு வலுவான துடிப்பை அனுப்பிவிட்டு, அது அடங்கியதும் உலோகத்தில் எஞ்சி ஓடும் மின்னோட்டம் தேயும் ஓசையைக் கேட்கிறது. உப்பும் கறுப்பு மணலும் இதை அதிகம் தொல்லைப்படுத்துவதில்லை, ஆழமாகவும் போகும். ஆனால் கேட்பது என்ன உலோகம் என்று இதற்குச் சரியாகத் தெரியாது. இரும்பும் தங்கமும் ஒரே குரலில் பேசும். கழிவை ஒதுக்கும் அமைப்பு சில கருவிகளில் உண்டென்றாலும், அதைக் கூட்டினால் சில மோதிரங்களும் சேர்ந்தே மறையும். மெல்லிய சங்கிலியின் மின்னோட்டம், கருவி கேட்கத் தொடங்கும் முன்னரே தேய்ந்துவிடுவதால் அது முற்றாகத் தப்பிவிடுவதும் உண்டு.

நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய இந்த வகைக் கருவியோடு சிம்கோ ஏரியில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தேன். சத்தம் கேட்ட இடத்தில் அள்ளியை ஊன்றி, குதிகாலால் மிதித்து, மணலோடு தூக்கி, நீரில் அலசி, ஸீப்ரா மட்டி ஓடுகளுக்கிடையே விரலை விட்டுத் துழாவினால் ஒரு கொண்டை ஊசி. பத்தடி தள்ளி மறுபடியும் அதே வேலை, மறுபடியும் கொண்டை ஊசி. மூன்று மணி நேரத்தில் இடுப்பில் கட்டியிருந்த பை முழுக்க ஊசியும் மூடியும். விரல் நுனியில் மட்டி கிழித்த கோடுகள். தங்கம் அங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதை எட்டுமுன் என் முதுகு ஓய்ந்துவிட்டது. மனித நடமாட்டம் மிகக் குறைந்த, கறுப்பு மணல் மிகுந்த ஏரிக்கரையில் மட்டுமே இந்த வகையைப் பரிந்துரைப்பேன். அத்தகைய இடத்தில் மோதிரம் தொலைப்பவர்களும் குறைவு என்பது வேறு கதை.

## மூழ்கித் தேடுவோருக்கான கருவிகள்

ஸ்கூபா அணிந்து தோணித்துறைக்கு அடியிலும் நீச்சல் மேடைகளைச் சுற்றியும் தேடுபவருக்கு 3 மீட்டர் கருவி ஆபத்தானது. எக்ஸ்காலிபர் 2 பல அதிர்வெண் கருவி. திரை இல்லை, சத்தத்தின் உயரம் தாழ்வை வைத்தே உலோகத்தை அறிய வேண்டும். கலங்கிய நீரில் திரையைப் பார்க்கவே முடியாது என்பதால் முக்குளிப்போருக்கு இது குறையாகப்படாது. ஹெட்போனும் சுருளும் கருவியோடே நிரந்தரமாக இணைந்திருப்பதால் நீர் புகும் வழிகள் குறைவு. ஆனால் ஹெட்போன் கம்பி பழுதானால் முழுக் கருவியையும் பழுதுபார்க்க அனுப்ப வேண்டியிருக்கும்.

டியூஸ் 2 எடை குறைவானது, 20 மீட்டர் தாங்குவது. அதன் சுருள் கம்பியில்லாமல் பேசுவதால் நீருக்குள் போகும்போது தண்டின் நெடுக ஒரு சிறிய ஆன்டெனாக் கம்பியைப் பொருத்த வேண்டும், மறந்தால் கருவி ஊமையாகிவிடும். பழைய ஃபிஷர் 1280எக்ஸ் இரண்டாம் கைச் சந்தையில் நன்னீர்க் கருவி என்ற பெயரில் வந்துகொண்டிருக்கிறது. அது 2.4 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது; வெள்ளிக் காசுக்கு நல்லது, மெல்லிய தங்கத்துக்கு மந்தம். பெயரில் நன்னீர் இருக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம்.

## விலைச்சீட்டில் வராத செலவுகள்

நீர்புகா கருவி என்று எழுதியிருந்தாலும், பெட்டிக்குள் வரும் ஹெட்போன் பெரும்பாலும் நீர்புகாததுதான். அதைத் தனியே வாங்க வேண்டும். அடுத்தது அள்ளி. நீண்ட கைப்பிடியுள்ள துருவேறா எஃகு அள்ளி விலை அதிகம். மலிவானதை வாங்கி, சரளைக்கல் அடியில் ஒரே வாரத்தில் கழுத்து வளைந்துபோய் இரண்டாவதும் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். துளைகள் பெரிதாயிருந்தால் மணல் விரைவாக வடியும், தோடும் சேர்ந்து வடிந்துவிடும். சிறிய பொருளைத் துல்லியமாகக் காட்டும் கைக்கோல் ஒன்றும் தேவைப்படும். காரெட்டின் ஆரஞ்சு நிறப் புரோ பாயின்டர் ஏடி 6 மீட்டர் வரை தாங்கும். ஜூன் மாதத்து நீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க நியோப்ரீன் உடை வேண்டும், மட்டி ஓடுகளுக்குத் தடித்த அடியுள்ள காலணி வேண்டும். கூட்டிப் பார்த்தால் மலிவான கருவியின் விலையில் பாதிக்கு மேல் இவற்றுக்கே போகும்.

மிகப் பெரிய மறைவுச் செலவு நீர் புகுதல். என்னுடைய முதல் கருவியில் ஹெட்போன் துளையின் மூடிக்குள் ஒரேயொரு மணல்துகள் சிக்கியிருந்தது. ரப்பர் வளையம் அந்த இடத்தில் மயிரிழை அளவு தூக்கி நின்றிருக்க வேண்டும். அரை மணியில் திரையின் உட்புறம் மூச்சுப்பட்ட கண்ணாடிபோல மங்கியது, மறுநாள் எண்கள் வரவே இல்லை. பழுதுபார்த்து வருவதற்குள் செப்டெம்பர் முடிந்துவிட்டது. இங்கே ஏரியில் இறங்கித் தேடும் காலமே நாலைந்து மாதம்தான். ஆகவே கருவி வாங்குமுன் உத்தரவாதப் பத்திரத்தில் நீர் புகுதலைப் பற்றிய பகுதியைப் படித்து, பழுதுபார்க்கும் இடம் கனடாவிலா எல்லைக்கு அப்பாலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று: வெயிலில் நிறுத்திய காருக்குள் 45 பாகை சூட்டில் கிடந்த கருவியை எடுத்து நேரே 15 பாகை நீரில் முக்கக்கூடாது. உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து சுருங்கும்போது ஏற்படும் உறிஞ்சல், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமம். 3 மீட்டர் கருவியின் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பு கரையிலேயே போய்விடுகிறது. நிழலில் ஒரு கால்மணி நேரம் வைத்துவிட்டு இறங்குவதற்குச் செலவேதும் இல்லை.

அனுமதியும் ஒரு செலவுதான், நேரச் செலவு. ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தின்படி, நீருக்கடியிலுள்ள தொல்லியல் தளத்தை உரிமம் இல்லாமல் கலைக்க முடியாது; உடைந்த கப்பலின் பக்கமே போக வேண்டாம். மாகாணப் பூங்காவானாலும் நகரசபைக் கரையானாலும் அந்தந்த நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

## யாருக்கு எது

நடந்து தேடுகிற, புதிதாகத் தொடங்குகிற ஒருவர் என்னைக் கேட்டால் ஒற்றை அதிர்வெண் கருவியையே சொல்வேன். மிச்சப்படும் பணத்தில் நல்ல அள்ளியும் கம்பி ஹெட்போனும் வாங்கச் சொல்வேன். இரண்டு கோடை கழித்தும் ஆர்வம் தணியாதவர், அல்லது கறுப்பு மணற்கரைக்கு அருகில் குடியிருப்பவர் பல அதிர்வெண் கருவிக்கு மாறலாம். ஸ்னோர்க்கல் அணிந்து இரண்டு மூன்று மீட்டரில் நீந்துபவர் 5 மீட்டர் தாங்கும் வகையைவிடக் குறைந்ததை வாங்கக்கூடாது. 3 மீட்டர் என்ற எண் அவருக்கு விளிம்பிலேயே நிற்கிறது. ஸ்கூபாக்காரருக்கு எக்ஸ்காலிபரும் டியூஸும் தவிர நான் சொல்ல வேறில்லை.

தொலைந்தது ஒரேயொரு மோதிரம், அது கிடைத்தால் போதும் என்பவருக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. இந்தப் பொழுதுபோக்கில் ஊறிய ஒருவரை, தி ரிங் ஃபைண்டர்ஸ் போன்ற பட்டியல்களில் தேடி அழைப்பது எந்தக் கருவியையும்விட மலிவு. அவர் வந்து கேட்கும் முதல் கேள்வி எந்த இடம் என்பதாகவே இருக்கும். ஆகவே மோதிரம் போனது தெரிந்ததும், நீரை விட்டு வெளியே வருமுன் நின்ற இடத்திலேயே நின்று, கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் தெரியும் இரண்டு பொருட்களை, ஒரு விளக்குக் கம்பத்தையும் அதன் பின்னால் தெரியும் கூரை முனையையும், குறித்துக்கொள்ளுங்கள். பின்பு பக்கவாட்டில் திரும்பி அதேபோல இன்னொரு சோடியையும் பார்த்து, இரண்டையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிடுங்கள்.